சரஸ்வதியிடமிருந்து எடுத்த ஸ்க்ரூடிரைவர்

சென்ற ஆண்டு ஆயுத பூஜை அன்று, வழக்கம்போல விடியுமுன் குளித்து, காபி குடித்து, என் கருவிகள் எல்லாவற்றையும் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன். ஸ்பேனர்களை அளவு வாரியாகவும் ஸ்க்ரூடிரைவர்களை உயர வாரியாகவும் சரஸ்வதி படத்துக்கு முன் அடுக்கிச் சந்தனம், குங்குமம் வைத்தேன். ஒழுங்கு பார்க்கிறவன் எந்த வேலையையும் அரைகுறையாகக் கெடுப்பதில்லை. முழுமையாகத்தான் கெடுப்பான்.

நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தரப் பரிசோதகன். என் ஃப்ளாட்டின் ஹாலில் பழைய ஜூக்பாக்ஸ் ஒன்று நிற்கிறது, மூடிப்போன ஒரு ஓட்டலிலிருந்து வாங்கியது. பொத்தானை அமுக்கினால் உள்ளே ஒரு கை நகர்ந்து, கேட்ட இசைத்தட்டை எடுத்து வைத்துப் பாடும். அன்று மாலை என் மகள் நித்யாவைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. (மாப்பிள்ளை அவளை ஆபீஸில் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பெரியவர்கள் சம்மதம்தான் பாக்கி.) மாப்பிள்ளையின் அப்பா தணிகாசலம் சென்னீர்குப்பத்தில் லேத் பட்டறை வைத்திருப்பவர், பக்திமான். "ஃப்ளாட்ல கீறவங்க, சாமி கும்புடுவாங்களா?" என்று தயங்கினாராம். பழைய பாட்டென்றால் உருகுவார் என்று கேள்விப்பட்டு, "அவரை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று நித்யாவிடம் வாக்குக் கொடுத்திருந்தேன்.

ஜூக்பாக்ஸ் பெட்டிக்கும் பெரிய சாமந்தி மாலை போட்டேன். விருந்தினர் வரும்வரை பூ வாடக் கூடாதே என்று மாலைமேல் தாராளமாகத் தண்ணீர் தெளித்தேன். அவர்கள் வருவதற்குச் சற்று முன் சோதனைக்காக சுவிட்சைப் போட்டேன். வீடே இருண்டது.

பிளக்கைப் பிடுங்கி, கீழே விழுந்த டிரிப் சுவிட்சை ஏற்றினேன். வெளிச்சம் வந்தது. மறுபடி செருகினேன், மறுபடி இருட்டு. பின்பக்கப் பலகையைக் கழற்றினால் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் ஸ்க்ரூடிரைவர்கள் பூஜையில் இருந்தன. மறுநாள் கற்பூரம் காட்டும்வரை எடுக்கக் கூடாது என்று மனைவி மல்லிகா கண்ணாலேயே சொன்னாள். காய் நறுக்கும் கத்தியும் அங்கேதான் இருந்தது. ஸ்பூனால் முயன்றேன், ஸ்பூன் வளைந்தது. எலக்ட்ரீஷியன் பாபுவுக்குப் போன் செய்தேன். "டெஸ்டரே சாமியாண்ட கீது அண்ணாத்தே, நாளிக்கு வரேன்" என்றார். வீட்டுக்கு வீடு மெக்கானிக் இருக்கிற அம்பத்தூரில் அன்று தொடக்கூடிய ஸ்க்ரூடிரைவர் ஒன்றுகூட இல்லை.

அவர்கள் வந்துவிட்டார்கள். சுண்டல் சாப்பிட்டபடி தணிகாசலம் பெட்டியையே பார்த்தார். நித்யா என்னையே பார்த்தாள். அப்போதுதான் அந்த அற்புதமான யோசனை வந்தது. நழுவிப் போய் மெயினை நானே இறக்கிவிட்டு, "அடடா, கரண்ட் கட்" என்று அறிவித்தேன். இருட்டில் தடவித் தடவிப் பூஜை அறைக்குள் போனேன். பொரித் தட்டைக் கவிழ்த்தேன். ஸ்க்ரூடிரைவர் கையில் கிடைத்தது. (உயர வாரியாக அடுக்கியதால் தேட வேண்டியிருக்கவில்லை.)

ஹாலில் தணிகாசலத்தின் குரல் கேட்டது. "கரண்ட் கட்டுன்னாரு, எதுத்த ஊட்ல லைட்டு எரிதே?"

அடுத்த நொடி அவருடைய செல்போன் வெளிச்சம் என் முகத்தில் விழுந்தது. கையில் ஸ்க்ரூடிரைவர், சட்டையெல்லாம் குங்குமம், காலடியில் பொரி.

"இன்னா சார், சாமியாண்டயே கைய வெச்சிகினு கீறீங்க?"

எனக்கு முன்னால் மல்லிகா பதில் சொன்னாள். விருந்தினர் நிற்கிறார்கள் என்றும் பாராமல், என் பக்தி, புத்தி, பரம்பரை என்று வரிசையாக விசாரித்தாள். நித்யா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தணிகாசலம் செருப்பை மாட்டிக்கொண்டே, "ஊட்ல பேசிட்டு சொல்றோம்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்பது பெண்ணைப் பெற்ற எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் காலை முதல் வேலையாக மல்லிகா கற்பூரம் காட்டி, ஸ்க்ரூடிரைவரை என் கையில் கொடுத்தாள். கழற்றுவதற்கு முன் பழக்கதோஷத்தில் சுவிட்சைப் போட்டேன். பெட்டி பாடியது. சாமந்தி மாலையிலிருந்து உள்ளே சொட்டிய தண்ணீர் ராத்திரியில் காய்ந்துவிட்டது, அவ்வளவுதான். அது பாடிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது.

"சம்பந்தி," என்றார் தணிகாசலம். "உங்க ஊட்டம்மா உங்கள வெச்சி செஞ்சாங்களே, அப்பவே முடிவு பண்ணிட்டேன். அவங்க கீற ஊட்ல சாமிக்கு ஒரு கொறையும் வராது. கல்யாணத்துல தாலிய சாமியாண்ட வெக்கறதா வேணாமான்றதுதான் இப்ப ரோசனையா கீது."