அடுப்படியில் நடந்த ஆங்கில வகுப்பு

என் மனைவிக்கு ஆங்கிலம் வந்துவிடக்கூடாது என்று சபதம் எடுத்தேன். அதற்கு ஒரே வழி, நானே சொல்லிக்கொடுப்பது.

காரணம் இருந்தது. கடல் தாண்டி இருக்கும் எங்கள் மகள் உண்டாகியிருந்தாள். அம்மா வந்து ஒரு வருஷமாவது கூட இருக்கவேண்டுமாம். என்னை விமானத்தில் ஏற்றக்கூடாது என்று இதய டாக்டர் சொல்லிவிட்டார். "தனியா வழி கேட்டுப் போற அளவுக்கு இங்கிலீஷ் வந்துட்டா டிக்கெட் போடலாம்" என்றாள் மனைவி. பழம் நழுவிப் பாலில் விழுந்தது. வாழ்நாளெல்லாம் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்தியவன் நான். எப்படி நடத்தினால் ஏறாது என்று எனக்குத் தெரியாதா?

'அலோன்', 'லோன்லி' என்ற இரண்டு சொற்களைப் பிடித்துக்கொண்டேன். அலோன் என்றால் பக்கத்தில் ஆள் இல்லை, அவ்வளவுதான். லோன்லி என்பது மனசின் வலி. ஊரே சுற்றி நின்றாலும் வரும். 'மேன்' என்ற சொல்லுக்கு முன்னால் லோன்லி நிற்கும், அலோன் நிற்காது. தனியாகச் சமைத்தான் என்பதற்கு அலோன்தான். அங்கே லோன்லிக்கு வேலை இல்லை. இதையே வெள்ளைக்காரன் கேட்டாலும் குழம்பும்படி வாரக்கணக்கில் இழுத்தேன்.

அவளும் அவசரப்படவில்லை. பாடத்தை அடுப்படியில் வைத்துக்கொள்ளலாம் என்றாள். கரண்டியைப் பிடித்தால் கவனம் சிதறுகிறதாம். நான் கிண்டினேன். கண் எரிகிறது என்று வெங்காயத்தை என் பக்கம் தள்ளினாள். நறுக்கினேன். போகப் போக சோறு வடித்தேன், பருப்பு வேகவைத்தேன். அவளோ தவறாமல் 'அலோன் மேன்' என்றே சொன்னாள். ஒவ்வொரு தப்பும் என் நெஞ்சில் பால் வார்த்தது. அடுப்பில் பால் பொங்கியது. தீயைத் தணிக்கவும் கற்றுக்கொண்டேன்.

நேற்று மதியச் சமையல் முழுக்க என்னுடையது. அவள் ஒரு வாய் சாப்பிட்டாள். இன்னொரு வாய். பிறகு தட்டைப் பார்த்தபடியே, "பொண்ணுகிட்ட டிக்கெட் போடச் சொல்லிட்டேன்" என்றாள்.

"பாடமே முடியலையே. அந்த ரெண்டு வார்த்தைக்கு வித்தியாசம் தெரியாம எப்படிப் போவே?"

"யூ வில் பி அலோன்" என்றாள், ஒரு எழுத்து பிசகாமல். "டோன்ட் பி லோன்லி."

"எப்பலேருந்து தெரியும்?" என்றேன்.

"முதல் வாரமே தெரியும். உங்களுக்குச் சோறு குழையாம வடிக்க வரணுமே, அதுவரைக்கும் தேறாம இருந்தேன்."

துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தேன். வெங்காயம் என்றேன்.

"இன்னிக்குச் சமையல்ல வெங்காயமே இல்லீங்க" என்றாள்.