கட்டைவிரலார் மறைத்த விளக்கு

எங்கள் தோட்டத்தில் கட்டைவிரலார் மறைத்துப் பார்க்காத பொருளே கிடையாது. டயகமப் பக்கத்துத் தேயிலை பெக்டரியில் அவர் இயந்திரங்களுக்கு எண்ணெய் விடுபவர், நான் கணக்கெழுதும் கிளாக்கர். எதைக் கண்டாலும் ஒரு கண்ணை மூடுவார், கட்டைவிரலை நீட்டி அதை மறைப்பார்.

"பளபளன்னு இருக்கிறதை மறைச்சாத்தாங்க பக்கத்துல இருக்கிறது தெரியும்" என்பார்.

வட்டகொடையில் ஒரு கல்யாணம். வாசலில் விட்ட சப்பாத்தைக் காணாமல் நான் தேடிக்கொண்டிருந்தேன். மணமக்கள் வெளியே வந்ததும் இவர் பொண்ணையே மறைத்தார். பெண்வீட்டார் முறைத்தார்கள்.

"கிளாக்கரையா, ஒங்க சப்பாத்து மாப்பிள்ளையோட சித்தப்பா கால்ல இருக்குங்க."

இருந்தது.

எண்பதுகளின் நடுவில் ஒருநாள், வடை சுற்றிவந்த பத்திரிகைத் தாளோடு வந்தார். (வடை இரண்டு, ஒன்று கருகல் என்கிறது என் நாட்குறிப்பு.) தூரத்து நட்சத்திரம் ஒன்றின் ஒளியைத் தொலைநோக்கிக்குள் மறைத்துப் படம் பிடித்தார்களாம். சுற்றிலும் தட்டுப்போலத் தூசி தெரிந்ததாம். அப்படிப்பட்ட தூசி சேர்ந்துதான் கிரகங்கள் உண்டாகுமாம்.

"நம்ம வேலையைத்தாங்க அவங்களும் பாக்குறாங்க" என்றவர், தேயிலை சலிக்கும் சல்லடை அறைப் பக்கம் திரும்பினார். "அங்க தூசி சேர்ந்தா உலகமாவுதாம். இங்க சேர்ந்தா இருமல்."

சல்லடை அறையின் தூசியை வெளியே தள்ளும் காற்றாடி நின்று ஏழு மாதம். அங்கே வேலைசெய்த செல்லம்மா இருமி இருமிப் படுக்கையில் விழுந்திருந்தார். நான் மூன்று மனு எழுதினேன். "அறை சுத்தமாகத்தானே இருக்கிறது" என்று தோட்டத்தை நிர்வகிக்கும் தொரை மூன்றையும் திருப்பிவிட்டார்.

அடுத்த முறை தொரை அந்த அறைக்கு வந்தபோது கட்டைவிரலார் எண்ணெய்க் கேனைக் கீழே வைத்தார்.

"தொரை, ஒரு கண்ணை மூடுங்க."

"என்ன?"

"கட்டைவிரலால அந்த பல்பை மறைங்க."

இவர் வேலை போயிற்று என்றே நினைத்தேன். தொரை சிரித்துக்கொண்டே மறைத்தார். பல்பைச் சுற்றித் தேயிலைத் தூசி வளையமாகச் சுழன்றது. சிரிப்பு நின்றது; விரல் இறங்கவில்லை. பிறகு கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்.

வெள்ளிக்கிழமை காற்றாடி சுற்றியது. செல்லம்மா வேலைக்குத் திரும்பிய அன்று பெக்டரி வாசலில் எல்லாரும் படம் எடுத்துக்கொண்டோம். கெமராக் கண்ணாடி மின்னியதும் கட்டைவிரலார் பழக்க தோஷத்தில் அதையும் மறைத்துவிட்டார். படத்தில் அவர் முகம் இருக்கவேண்டிய இடத்தில் கட்டைவிரல்தான் இருக்கிறது.

நேற்று நாட்குறிப்பைப் புரட்டியபோது அந்தப் படம் கிடைத்தது. ஒரு கண்ணை மூடி, அந்த விரலை என் விரலால் மறைத்தேன். அவர் கணக்குப்படி, சுற்றி நின்ற பதினேழு பேரும்தான் தெரிந்திருக்க வேண்டும்.

எனக்கு அவர் மட்டுமே தெரிந்தார்.