பெய்லியைக் காப்பாற்றிய சூப்

செயின்ட் ஆண்ட்ரூ திருநாள் காலையில் மர்டோ ஒரு பெரிய சபதம் எடுத்தான். யார் உயிர் போனாலும் சரி, பெய்லியைச் சட்டியில் ஏற விடுவதில்லை. சபதத்தை மனத்துக்குள்தான் எடுத்தான். வாய்விட்டுச் சொல்லலாம் என்றால் எதிரே மனைவி இஷ்பெல் நின்றிருந்தாள்.

பெய்லி அவர்கள் வீட்டுச் சேவல். வயது ஏழு. செம்பு நிறம், நகரசபைத் தலைவர் நடை. மர்டோவின் கல்யாணத்துக்கு முன்பே வந்தது. அதனால் வீட்டில் தன் கட்சிக்கு ஒரு ஓட்டாவது உண்டு என்று நம்பியிருந்தான். ஒரே ஒரு குறை. ஸ்காட்லாந்தின் வடகோடியில் நவம்பர் மாதத்துச் சூரியனே எட்டரை மணிக்குத்தான் எழுந்திருக்கும். பெய்லியோ ஜூன் மாதக் கணக்கை விடாமல் நாலு மணிக்கே கூவும். உடனே நாலு மாதக் குழந்தை ஐலாவும் கூடச் சேர்ந்துகொள்வாள். அவள் மறுபடி தூங்கிய பிறகும் இஷ்பெல் தூங்குவதில்லை. மூச்சு வருகிறதா என்று பிள்ளையின் மூக்கடியில் விரல் வைத்தபடி விடியும்வரை உட்கார்ந்திருப்பாள்.

முந்தின நாள் அவள் தீர்ப்பைச் சொல்லிவிட்டாள். திருநாளுக்குச் சேவலும் லீக்ஸ் தண்டும் போட்டு சூப் வைக்காத வீடு ஊரில் கிடையாது. அதற்குக் கிழட்டுச் சேவல்தான் ருசி. பெய்லியைவிடக் கிழடு என்றால் ஊரில் இரண்டு பேர்தான். அந்த இரண்டு பேரும் சர்ச் கமிட்டியில் இருக்கிறார்கள்.

"நீ போய்ப் படு. இன்னிக்கு சூப்ப நான் வைக்கிறேன்" என்றான் மர்டோ.

"நீங்களா?"

"நானேதான். சேவலப் புடிக்கிறதுலேருந்து கிண்ணத்துல ஊத்துற வரைக்கும். நீ எட்டிக்கூடப் பாக்கக் கூடாது."

மூன்று வருஷத்தில் அவன் வெந்நீர் வைத்ததை மட்டுமே பார்த்திருக்கிறவள் ஒரு கேள்வியாவது கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்குப் போய்விட்டாள். தன் பேச்சுத் திறமையை எண்ணி மர்டோவுக்கே புல்லரித்தது.

கடலிலிருந்து ஏறி வந்த பனிமூட்டம் வயல், வேலி, சாலை எல்லாவற்றையும் பஞ்சில் பொதிந்து வைத்திருந்தது. கோட்டுக்குள் பெய்லியை அணைத்துக்கொண்டு நடந்தான். தன் கால்கள் தனக்கே தெரியவில்லை. நடக்கிறோமா, மிதக்கிறோமா? தன் நெஞ்சோடு ஒட்டி இன்னொரு சின்ன நெஞ்சு துடித்தது. உலகத்தில் தானும் ஒரு சேவலும் மட்டும் மிஞ்சியதுபோல் இருந்தது. அது அப்படியொன்றும் மோசமான உலகமாகத் தோன்றவில்லை.

ஒரு மைல் தள்ளிப் பீட்டி அம்மாளின் பண்ணை. அவள் வாசலிலேயே நின்றிருந்தாள். கூண்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே புது வைக்கோல். கோடையில் தங்கள் சேவலை நரிக்குப் பறிகொடுத்த பதினொரு கோழிகள் வரிசையாக உட்கார்ந்து பார்த்தன.

"இஷ்பெல்லுக்குத் தெரியக் கூடாதும்மா" என்றான்.

"நான் ஏன் தம்பி சொல்லப் போறேன்? சீக்கிரம் குடு. காலையிலேருந்து இந்தக் குளிர்ல நிக்கிறேன்."

ஊரில் இப்படியும் நல்ல மனுஷி இருக்கிறாளே என்று நெகிழ்ந்தபடி திரும்பினான். வழியில் கறிக்கடையில் உரித்த கோழி ஒன்று வாங்கிக்கொண்டான்.

லீக்ஸ், வெங்காயத்துக்கு வெள்ளைக்காரச் சித்தப்பா. வெளியே வெள்ளை வெளேரென்று கண்ணியமாக இருக்கும். உள்ளே பிரித்தால் மடிப்புக்கு மடிப்பு மண். நாலு தண்டு கழுவி முடித்தபோது தொட்டியில் ஒரு கடற்கரையே சேர்ந்திருந்தது.

"பெய்லி கத்தவே இல்லியே?" சுவருக்கு அப்பாலிருந்து தூக்கம் தோய்ந்த குரல் மிதந்து வந்தது.

"பெரிய மனுஷனில்ல. கௌரவமாப் போயிட்டான்."

"எறகு?"

"பறிச்சிக்கிட்டேதான் இருக்கேன்" என்றவன் நாற்காலியிலிருந்த தலையணையைக் கிழித்தான். வந்ததெல்லாம் வெள்ளை வாத்து இறகு. செம்புச் சேவல் பயத்தில் வெளுத்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

நிஜமான ஆபத்து நாற்பதாவது நிமிஷத்தில் வந்தது. கடைக்கோழி வெந்து எலும்பைவிட்டுக் கழன்றது. ஏழு வயசுச் சேவல் நாற்பது நிமிஷத்தில் வேகுமா? அவன் மாமியார் வீட்டில் காலைச் சாப்பாடு முடிந்ததும் கிழச்சேவலை அடுப்பில் வைத்தால், இருட்டும்போதுதான் இறக்குவார்கள். இப்போதே இஷ்பெல்லைச் சாப்பிடக் கூப்பிட்டால் மாட்டிக்கொள்வான். கோழியை வெளியே எடுத்து மூடி வைத்தான். வெறும் லீக்ஸ் தண்ணீரைச் சின்னத் தீயில் விட்டுக் கிண்டத் தொடங்கினான்.

மூன்று மணி நேரம் கிண்டினான். ஜன்னலுக்கு உள்ளே ஆவி, வெளியே பனி. நடுவில் இருந்த கண்ணாடி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. வீட்டில் ஒரு சத்தம் இல்லை. கரண்டியைப் பிடித்தபடியே கண் செருகிற்று. மேஜையின் தலைமாட்டில் பெய்லி உட்கார்ந்திருந்தது. கழுத்தில் துண்டு கட்டிக்கொண்டு பேப்பர் படித்தது. "உப்புக் கொஞ்சம் தூக்கல்" என்றது. "அப்படியா சார்?" என்று கேட்டபோது விழிப்பு வந்தது.

மூன்றரைக்கு இருட்டியது. கோழியைத் திரும்பப் போட்டு, ஊர் வழக்கப்படி உலர்ந்த கறுப்பு பிளம் பழங்களையும் சேர்த்து இறக்கினான். இஷ்பெல் பிள்ளையோடு வந்து உட்கார்ந்தாள். கன்னத்தில் தலையணைத் தழும்பு. நாலு மாதமாக அவன் பார்க்காத ஒரு நிறம் முகத்தில். ஒரு கிண்ணம் குடித்தாள். இன்னொரு கிண்ணம் கேட்டாள்.

"எவ்ளோ மெத்துனு இருக்கு. ஏழு வயசுன்னு சொல்லவே முடியாது."

"எல்லாம் தீயோட பக்குவம்" என்ற மர்டோ, மறைந்த பெய்லிக்காக ஒரு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அழாதீங்க. நான் எந்திரிக்கிறப்பதான் பீட்டியம்மா என் செல்லுக்கு போன் பண்ணாங்க. நல்லாத் தின்னுட்டு பதினொரு பேருக்கு நடுவுல உக்காந்திருக்கானாம்."

மர்டோவின் கரண்டி பாதி வழியில் நின்றது.

"கோடையிலேருந்து அவங்க சேவல் கேட்டுக்கிட்டிருக்காங்க. குடுத்துடலாமான்னு நாலு தடவ கேட்டேன். நாலு தடவையும் முடியாதுன்னீங்க. சூப்புன்னு ஒரு தடவதான் சொன்னேன்."

மர்டோ எழுந்து நின்றான். இருந்த வீரத்தையெல்லாம் திரட்டினான். நாளைக்கு விடிந்ததும் முதல் வேலையாகப் போய்ப் பெய்லியைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டு வரப்போவதாக அறிவித்தான்.

இஷ்பெல் நிமிரவில்லை. பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டுக்கொண்டே சொன்னாள்.

"கூட்டிட்டு வாங்களேன். சூப்பு வைக்கத்தான் இப்போ கத்துக்கிட்டீங்களே."