சேராத நாட்டுச் சபாபதி

ஊருக்கு ஊர் ஓர் எல்லைச்சாமி உண்டு. கோயிலில் அரிவாளோடு நிற்பவரைச் சொல்லவில்லை. மேசைக்குப் பின்னால் பேனாவோடு உட்கார்ந்திருப்பவரைச் சொல்கிறேன். எந்த வேலை யாருடைய அதிகாரம், அந்த அதிகாரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதெல்லாம் இவருக்குத் தலைகீழ்ப் பாடம். அந்த வேலையைச் செய்வது எப்படி என்பது மட்டும் தெரியாது.

ஜொகூரில், கோத்தா திங்கிக்கு இந்தப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்து ஆபீசில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக இருந்த சபாபதி இந்த இனத்தில் அசல் ரகம். மலாய் நாடுகள் நான்கு ஒன்றாகச் சேர்ந்து கோலாலம்பூரைத் தலைநகராக வைத்துக்கொண்டதும், ஜொகூர் அதில் சேராமல் தனி சுல்தான், தனிச் சட்டம் என்று நின்றுகொண்டதும், ஆனாலும் சுல்தானுக்குப் பக்கத்தில் ஓர் ஆங்கிலேய ஆலோசகர் உட்கார்ந்திருப்பதும், அவருக்கும் மேலே சிங்கப்பூரில் ஒரு கவர்னர் இருப்பதும், எல்லாமே தம்முடைய சௌகரியத்துக்காக ஏற்பட்டவை என்று அவர் மனசார நம்பினார். யார் எதைக் கேட்டாலும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "நாம சேராத நாடு. அது நமக்குச் சேராது" என்பார். கத்தரிக்காய்க் குழம்பு ஊற்ற வந்த மனைவியிடமும் இதையே சொன்னதாகக் கேள்வி.

தோட்டக் கூலிகள் குடியிருந்த லயத்துக்கும் டவுன் ரோட்டுக்கும் நடுவே ஓடிய ஓடையில் ஒரு பலகைப் பாலம். மழை வெள்ளத்தில் அதன் நடுப்பலகைகள் நான்கு போய்விட்டன. மறுநாளே பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கும் பேச்சியம்மாள் ஆபீசுக்கு வந்தாள். அவள் மகள் புஷ்பவள்ளிக்கு எட்டாம் மாதம். முதல் பிள்ளை பிரசவத்தில் இறந்துபோனதால், இந்தத் தடவை டவுன் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்று தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிரசர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"ஐயா, வண்டி போற மாதிரி நாலு பலக போட்டுக் குடுங்க."

"பாலத்துல இந்தப் பாதி தோட்டத்துக்குச் சேரும். அந்தப் பாதி ஜொகூர் சர்க்காருக்குச் சேரும். ஒடஞ்சது நடுவுல. நடு யாருக்கு?"

"எங்களுக்கு எப்படிங்கய்யா தெரியும்?"

"அதான் எழுதிக் கேக்கணும்."

"யாருக்கு எழுதுவீங்க?"

"அதத்தான் யோசிக்கிறேன்."

யோசித்தார். சுல்தானின் சர்க்காருக்கு எழுதினால் ஆலோசகர் கோபிப்பாரோ? ஆலோசகருக்கு எழுதினால் சுல்தானை அவமதித்தது ஆகுமோ? கேட்பவள் இந்தியாவிலிருந்து வந்தவளாயிற்றே, கோலாலம்பூரில் இருக்கும் இந்திய சர்க்காரின் ஏஜெண்டுக்குத் தெரிவிக்க வேண்டாமா? ஆனால் கோலாலம்பூர் சேர்ந்த நாடாயிற்றே! பேச்சியம்மாள் தோட்டத்து மானேஜரான வெள்ளைக்காரத் துரையிடமே போய்ப் பார்த்தாள். எதுவானாலும் கிராணி வழியாக வரட்டும் என்று அவர் திருப்பி அனுப்பிவிட்டார். இப்படியே ஐந்து வாரம் ஓடியது. புஷ்பவள்ளியின் வயிறு எந்த உத்தரவுக்கும் காத்திராமல் வளர்ந்தது.

ஒரு நாள் காலையில் வலி எடுத்துவிட்டது. மருமகன் வேலு மாட்டுவண்டியை ஓடைக்கரை வரை ஓட்டி வந்து, "அலமாக்!" என்று தலையில் கை வைத்தான். பேச்சியம்மாள் வைக்கவில்லை. ஒரு கடப்பாறையும் லயத்துப் பெண்கள் நாலு பேருமாக நேரே ஆபீசுக்கு நடந்தாள். மனுச் சொல்ல வருகிறவர்கள் காத்துக் கிடப்பதற்கென்று அங்கே வாசலில் இரண்டு நீளப் பெஞ்சுகள் இருந்தன. ஐந்து வாரம் அவள் உட்கார்ந்து தேய்த்த பெஞ்சுகள். கனமான பலகை, பெஞ்சுக்கு இரண்டு. நெம்பிக் கழற்றித் தோளில் ஏற்றினார்கள்.

சபாபதி பதறிக்கொண்டு ஓடி வந்தார். "யார் உத்தரவுல கழட்டுறீங்க? பெஞ்சு யாருக்குச் சேர்ந்ததுன்னு தெரியுமா?"

"நீங்க எழுதிக் கேட்டு வைங்கய்யா" என்றாள் பேச்சியம்மாள், திரும்பிப் பார்க்காமலே.

வண்டி பாலத்தைத் தாண்டியது. பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம்.

சபாபதி ஐந்து வாரமாக எழுதாத கடிதத்தை அன்று மத்தியானமே எழுதி முடித்தார். தோட்டத்துப் பெஞ்சு பாலத்தோடு கலந்துவிட்டபடியால், அது இனிமேல் சேர்ந்ததா, சேராததா என்று விளக்கம் கேட்டிருந்தார். யாருக்கு அனுப்புவது என்பதுதான் கடைசி வரை முடிவாகவில்லை.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் தெருக்குழாய் உடைந்திருக்கிறது என்று வந்து நின்றபோது, நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்? சரி, அதை விடுங்கள். இதெல்லாம் ஜொகூர்க்காரர்கள் சமாசாரம், நமக்குச் சேராது என்று பக்கத்தைப் புரட்டப் போகிறீர்கள். தாராளமாகப் புரட்டுங்கள். வாசலில் பெஞ்சு கிடந்தால் மட்டும் உள்ளே எடுத்துப் போட்டுவிடுங்கள்.