பெரியப்பாவின் மென்னோட்டம்

குப்பை லாரி ஷெட்டுக்கு ஒரு உத்தரவு வந்துது. "டீசலில் மென்னோட்ட எண்ணெய் கலப்பதன் மூலம் இன்ஜின்கள் அதிர்வின்றி இயங்கி, பொதுமக்களின் காலை உறக்கம் பேணப்படும்." உத்தரவு போட்டவர் வாகனப் பிரிவு மேலதிகாரி. ஏதோ ஒரு கருத்தரங்குக்குப் போய் வந்ததுலேர்ந்து, எண்ணெய் கலக்காத டீசலை அவர் டீசலாவே மதிக்கிறதில்லை.

டிரைவருங்க கையில ஆளுக்கொரு டப்பா பச்சை எண்ணெய். டேங்க் நிரப்பும்போதெல்லாம் ஒரு மூடி ஊத்தணும். அதுக்கப்புறமும் ஆடுற வண்டியோட டிரைவர், "அக்கறையற்றவர் எனக் கருதப்பட்டு" கிடங்குக்கு மாத்தப்படுவார். கிடங்குன்னா பழைய டயருக்குக் காவல்.

இதைக் கேட்டதும் அவங்கள்ல ஒருத்தரான நம்ம டிரைவர், கிடங்குல எத்தனை டயர் இருக்குன்னு விசாரிக்க ஆரம்பிச்சுட்டார். அவரோட லாரிக்கு ஷெட்டுல பேரே பெரியப்பா. எழுந்திருக்கும்போதே இருமும், நின்ன இடத்துல நடுங்கும், நாலு வார்த்தை திட்டாம நகராது. ஆனாலும் அந்த சீட்டுல உக்காந்தே தலை நரைச்ச மனுஷன் அவர். டயரைக் காவல் காக்கவா நரைச்சுது?

இதுல இன்னொரு சிக்கல். டப்பா வண்டியில இல்ல, வீட்டுல இருந்துது.

எண்ணெய் நல்ல எண்ணெய்தானான்னு பாக்கலாமேன்னு வாசக்கதவுக் கீல்ல ஒரு சொட்டு விட்டார். வருஷக்கணக்கா அலறிக்கிட்டிருந்த கதவு கப்சிப். அவ்வளவுதான், வீட்டம்மா டப்பாவைப் பிடுங்கிக்கிட்டாங்க. அப்புறம் தையல் மெஷின், பீரோ, ஜன்னல்னு வரிசையா எல்லாம் வாயை மூடிக்கிச்சு.

"அடியே, அது ஆபீஸ் சொத்து!"

"நானும் ஆபீஸ் ஆளோட பொண்டாட்டிதானே? உங்க பெரியப்பாவுக்கு ஊத்தி என்ன ஆகப்போகுது? குடிச்சிட்டு இன்னும் ஆடுவார்."

சோதனை நாள் வந்துது. சோதனை முறை ரொம்ப விஞ்ஞானபூர்வமானது. பானெட் மேல தளும்பத் தளும்ப ஒரு டம்ளர் தண்ணி. சிந்தினா கிடங்கு.

டிரைவர் சாவியைத் திருப்பினார். பெரியப்பா இருமினார். டம்ளர் பானெட் மேல ஒரு ஆட்டம் போட்டுட்டு மேலதிகாரி சட்டையிலயே கவிழ்ந்துது.

"எண்ணெய் ஊத்தினியாய்யா?"

"ஊத்தினேன் சார்."

"பலன் தெரிஞ்சுதா?"

"சத்தமே அடங்கிடுச்சு சார்."

இதுல ஒரு வார்த்தை பொய் இல்ல.

மேலதிகாரி யோசிச்சார். எண்ணெய் மேல தப்பு இருக்க வாய்ப்பில்ல, அதைத் தேர்ந்தெடுத்தவரே அவர்தான். "மென்னோட்டத்தை நிக்கிற வண்டியில தேடினா எப்படி? ஓட்டத்துலதானே தெரியும். என்னை வீட்டுல கொண்டு விடு. சட்டையும் மாத்தணும். வீடு போய்ச் சேர்றதுக்குள்ள உனக்கு சீட்டா, கிடங்கான்னு முடிவாயிடும்."

மேலதிகாரி குப்பை லாரியில வீட்டுக்குப் போனார். பெரியப்பா உலுக்கின உலுக்குல அவர் மூக்குக்கண்ணாடி மடிக்கு வந்துடுச்சு. பேச வாயைத் திறந்தா பல்லு தந்தியடிச்சுது. வீட்டு வாசல்ல வண்டி நின்னப்புறம்தான் ஒரு முழு வாக்கியம் வந்துது. "கிடங்குதான்யா உனக்கு!"

டிரைவர் மூஞ்சி செத்துப்போச்சு. இறங்கிப்போய் கேட்டைத் தள்ளினார். ஆளுயர இரும்பு கேட். பூனை நடக்கிற மாதிரி, ஒரு முனகல்கூட இல்லாம திறந்துக்கிச்சு. கீல்ல பச்சையா என்னமோ மினுங்கிச்சு.

உள்ளேயிருந்து மேலதிகாரி சம்சாரத்தோட குரல் கேட்டுது. "வந்துட்டீங்களா? அந்தப் பச்சை எண்ணெய் தீர்ந்துபோச்சுங்க! மாடி ஜன்னல் இன்னும் கத்துது. நாளைக்கு ரெண்டு டப்பாவா கொண்டாங்க!"

டிரைவர் கீலைப் பாத்தார். மேலதிகாரி வானத்தைப் பாத்தார்.

"உங்க வீட்டுல... கதவு எப்படி?" மரியாதை தானா வந்துடுச்சு.

"கப்சிப் சார். தையல் மெஷினும்."

"தையல் மெஷினுக்குமா?" மேலதிகாரி குரலைத் தாழ்த்தினார். "அது நமக்குத் தோணலையேய்யா."

மறுநாள் அறிக்கை வந்துது. "எண்ணெய் எதிர்பார்த்ததைவிடச் சிறப்பாகச் செயல்படுகிறது. ஆகவே அளவு இரட்டிப்பாக்கப்படுகிறது." டிரைவர் சீட்டுலயே இருந்தார். லாரி பக்கவாட்டுல பெரிய எழுத்துல பெயிண்ட் அடிச்சாங்க: 'மென்னோட்ட எண்ணெயில் இயங்குகிறது.'

அடுத்த நாள் காலையில பெரியப்பா வழக்கம்போல தெருவையே எழுப்பிவிட்டுக்கிட்டுப் போனார். மாடியிலேர்ந்து எட்டிப் பாத்த ஒருத்தர் எழுத்தைப் படிச்சார். படிச்சதும் அவர் காதுக்கே வித்தியாசம் தெரிஞ்சுது.

"கேட்டியா, என்னமா இழையுது பார்! நம்ம காருக்கும் ஒரு டப்பா வாங்கணும்."

"வாங்குங்க"ன்னாங்க அவர் சம்சாரம். "முழுசையும் காருக்கே ஊத்திடாதீங்க. நம்ம கதவும் கத்துது."