சங்கிலிச் சாமியின் உண்டியல்

பெரியகல்லாறு என்ற மீனவ ஊரில் அம்மன் இப்போது போனில் பேசுகிறாள். பேசவைப்பவர் சங்கிலிச் சாமி. உடுக்கும் வேண்டாம், வேப்பிலையும் வேண்டாம். டேட்டா இருந்தால் போதும். ஆளுக்குப் பத்து 'அம்மன் டோக்கன்'. ஒரு டோக்கனுக்கு ஒரு வாக்கு. ஊர்க் காரியம் எதுவானாலும் சாமி கேட்பார், ஆட்கள் போனில் அழுத்துவார்கள், கூட விழுவதே அம்மன் சொல்.

"இது பிளொக்செயின். பதிஞ்சா அழியாது. ஆரும் களவெடுக்க ஏலாது!" என்று சாமி முழங்கியதும், அந்தச் சொல்லையே முதன்முறை கேட்ட முந்நூறு பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். புரியாததைக் கும்பிடுவது நமக்குக் கைவந்த கலைதானே!

சாமி இதில் ஒரு நேர்த்திக்கடனையும் சேர்த்தார். பத்து டோக்கனில் ஒன்பதை அம்மன் உண்டியலுக்கு நேர்ந்தால் நினைத்தது நடக்கும். அந்த உண்டியலும் போனுக்குள்தான். விசா வரவேண்டும் என்று சிலர், மாப்பிள்ளை வரவேண்டும் என்று சிலர், கடைசியில் எல்லோருமே நேர்ந்தார்கள். மகள் கம்சாயினி சோதனையில் பாஸாக வேண்டும் என்று சுலோஜனாவும் ஒன்பதை அனுப்பினாள். மகள் பெயிலானாள். அன்றிலிருந்து தாய்க்குச் சாமிமேல் ஒரு சந்தேகக் கண்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாமி புதிய கேள்வியுடன் மீனவர் மண்டபத்துக்கு வந்தார். வாவியோரச் சேற்றில் வளர்ந்த கண்டல் காட்டை இறால் பண்ணை முதலாளிக்குக் கொடுக்கலாமா? சுலோஜனா அத்தாங்கு வலை போட்டு இறால் பிடிப்பது அந்த ஓரத்தில்தான். அது போனால் வீட்டில் அடுப்பெரியாது. மண்டபத்தில் திரும்பிய பக்கமெல்லாம் "வேண்டாம்" என்ற பேச்சுத்தான். எல்லோரும் அழுத்தியதும் முடிவு சுவர்த் திரையில் விழுந்தது: கொடுக்கலாம், நூற்றுக்குத் தொண்ணூறு.

"அம்மன்ட சித்தம். நாம என்னகா செய்யிற?" என்று பக்கத்து வீட்டு அன்னப்பூரணி பெருமூச்சு விட்டாள்.

சுலோஜனா விடவில்லை. எழுந்து நின்றாள்.

"சாமி, அம்மனிட்ட நானும் ஒண்டு கேக்கட்டா?"

"கேளு மகள்."

"ஊர் நன்மைக்காகச் சாமி ஏழு நாள் வெறுந் தண்ணியில விரதம் இருக்கவேணுமா?"

மண்டபம் ஆரவாரித்தது. சாமி மாட்டேன் என்றால் மானம் போய்விடும். சால்வையை இழுத்துப் போர்த்தி, கைகளை அதற்குள் விட்டுக்கொண்டு, வழக்கம்போல் கண்மூடி மௌனத்தில் அமர்ந்தார். அடுத்தவர் பட்டினி கிடப்பது யாருக்குக் கசக்கும்? முந்நூறு பேரும் 'வேணும்' என்று அழுத்தினார்கள். திரை சொன்னது: வேண்டாம், நூற்றுக்குத் தொண்ணூறு.

"வேண்டாமெண்டு அமத்தின ஆக்கள் கையத் தூக்குங்க!" என்றாள் சுலோஜனா. ஒரு கையும் எழவில்லை.

"அது அம்மன், மகள். தன்ட புள்ள பசி கிடக்கத் தாய் விடுவாளா?" சாமியின் குரல் தழுதழுத்தது. அன்னப்பூரணிக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

"சரி சாமி, மறுகா ஒருக்காக் கேப்பம். இந்தமுற உங்கட போன வெளிய எடுத்து வைங்க."

சாமி சால்வையை இன்னும் இறுக்கிக்கொண்டார். ராகுகாலம் என்றார். நெட்வேர்க் தீட்டுப்படும் என்றார். அன்னப்பூரணியோ பயபக்தியோடு கற்பூரத் தட்டை நீட்டினாள்: "வைங்க சாமி, அம்மன் ஆரெண்டு காட்டட்டும்."

போன் தட்டில் ஏறியது. மறுபடியும் எல்லோரும் அழுத்தினார்கள். வேணும், நூற்றுக்கு நூறு!

சுலோஜனா தட்டிலிருந்த போனை எடுத்துத் திருப்பிக் காட்டினாள். உண்டியல் திறந்தபடியே இருந்தது. இரண்டாயிரத்து எழுநூறு டோக்கன்.

"இதுதான் நம்மட அம்மன்! ஊருல எல்லாருக்கும் ஒவ்வொரு வாக்கு, இவருக்கு மட்டும் மிச்சமெல்லாம். களவெடுக்க ஏலாதாம். ஏன் களவெடுக்கோணும்? நாமதானே கும்பிட்டுக் குடுத்த!"

சாமி பின்கதவைப் பார்த்தார். அங்கே ஏற்கெனவே நாலு பேர் நின்றார்கள்.

கண்டல் காட்டுக் கேள்வியை ஊர் மறுபடி கேட்டது, இம்முறை கை உயர்த்தி. ஆளுக்கு ஒரு கை. காடு தப்பியது. சாமியின் விரதம்? நூற்றுக்கு நூறு தீர்ப்பை மீற முடியுமா? அன்றைக்கே தொடங்கியது.

வெளியே வரும்போது அன்னப்பூரணி சுலோஜனாவின் காதில் குசுகுசுத்தாள்.

"உன்ட வாயிலதான் அம்மன் வந்திருக்கா. என்ட முழங்கால் நோவுக்கும் ஒண்டு சொல்லன்கா."

"முழங்காலுக்கு ஆசுபத்திரிக்குப் போங்கக்கா," என்றாள் சுலோஜனா. "எனக்கு வந்தது அம்மனில்ல, சந்தேகம். அது உங்களுக்கும் வரும். மூளைய மட்டும் ஆருக்கும் நேந்து குடுக்காம வச்சிருந்தாச் சரி."