ஸ்கேல் ஆகாத வேன்

தர்மம் கேட்டு வந்தவர்களுக்குப் பரீட்சை வைத்த ஒரே மனிதன் இந்தத் தி.நகரில் எங்கள் 'இம்பேக்ட்' தம்பிதான். நான் வேலை பார்க்கும் தர்ம டிரஸ்டை ஆரம்பித்த பெரியவரின் பேரன். குழந்தையிலிருந்து பார்த்த பிள்ளை என்பதால் 'அவன்' என்றே எழுதுகிறேன், சம்பளத்தில் கை வைக்க மாட்டான்.

பெரியவர் யாரையும் கேள்வி கேட்காமல் கொடுப்பார். கல்வெட்டில் பெயர் மட்டும் பெரிதாக இருக்க வேண்டும். பேரன் அமெரிக்காவில் படித்துவிட்டு வந்து கல்வெட்டை நிறுத்தினான். நல்ல காரியம். பதிலுக்குப் பதினாறு பக்கப் படிவம் வந்தது.

கோடைக்கு மோர்ப்பந்தல் போடலாம் என்றேன்.

"இம்பேக்ட் என்ன அங்கிள்?"

"தாகம் தீரும் தம்பி."

"அது அவுட்புட். அவுட்கம் என்ன? அதனால பின்னாடி என்ன மாறும்?"

முப்பது வருஷ சர்வீஸில் மோருக்கு அவுட்கம் தேடியது அன்றைக்குத்தான். தேடி முடிப்பதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது.

அப்போது வந்தாள் கன்னியம்மா. ஆற்றங்கரைக் குடிசையை இடித்துவிட்டு ஊர்க்கோடி அரசு அடுக்குமாடிக்கு அனுப்பப்பட்டவள். அந்தப் பகுதிப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் இன்னும் அடையாறு பள்ளிக்குத்தான் வருகிறார்கள். இரண்டு பஸ் மாற வேண்டும். பத்தாவது படிக்கும் அவள் மகள், படிப்பையே நிறுத்திவிடுகிறேன் என்று சொல்லிவிட்டாளாம். பிள்ளைகள் போய்வர ஒரு வேன் கேட்டாள்.

"ஒரே ஒரு வேன்னா ஸ்கேல் ஆகாதேக்கா, ஊர் முழுக்க விரியாதே" என்றான் இம்பேக்ட்.

"ஆவாட்டி போவுது நைனா. பன்னெண்டு புள்ளைங்க கீது, குந்திகினு போனா போதும்."

நேரில் பார்க்காமல் கையெழுத்துப் போடுவதில்லை என்பது அவன் விதி. காரில் போனால் டேட்டா கெட்டுவிடுமாம். விடிந்ததும் என்னையும் இழுத்துக்கொண்டு பிள்ளைகளோடு பஸ் ஏறினான். இந்தப் பயணத்துக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று ஒரு பொடியனைக் கேட்டான். "மொதல்ல என் கால்லேந்து எறங்குண்ணா" என்றது அது.

இரண்டாவது பஸ்ஸில் அவன் முகம் வெளுத்துவிட்டது. கன்னியம்மா மகளுக்கு அதிசயமாக ஒரு சீட் கிடைத்திருந்தது. மடியில் சமூக அறிவியல் புத்தகம். அவனைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"நீ குந்துண்ணா. உனக்குப் பழக்கமில்ல."

உட்கார்ந்தான். அவள் அடையாறு வரை நின்றே வந்தாள்.

மறுவாரம் வேன் ஓடியது. இப்போதும் டிரைவரை நிறுத்தி வைத்து 'இம்பேக்ட் என்ன?' என்று கேட்கிறான், அந்தப் புத்தி போகாது. ஆனால் வேனுக்கான படிவத்தில் பதினைந்து பக்கம் காலி. கடைசிப் பக்கத்தில் 'காரணம்' என்ற கட்டத்தில், "அவ எழுந்து நின்னா, நான் உட்கார்ந்துட்டேன்" என்று கோணல்மாணலாகத் தமிழில் எழுதியிருந்தான்.

பெரியவருக்குப் பிறகு ஒருத்தரை மனசார என் முதலாளி என்று நினைத்தது அன்றைக்குத்தான்.